வழி தவறிய கேப்டனும் உங்கள் வெற்றிச் செய்தியும்

பெல்டன், ஓஹையோ
ஆகஸ்ட் 1861

'பெல்டன் முரசு' ஆசிரியர் அவர்கள் சமூகத்துக்கு, சேணக்கடை ஆரின் டட்டிலின் மனைவி லொவைனா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் பசுவும் சுகம். தாங்களும் தங்கள் அச்சு இயந்திரமும் சுகமா என்று அறிய ஆவல், ஆனால் புகாரே அந்த இயந்திரத்தின் மேல்தான்.

சென்ற மாதம் வர்ஜீனியா மலைச் சண்டையில் என் கணவர் கேப்டன் டட்டில் எதிரியை முதுகுப்புறமாக வளைத்து ஒரே காலையில் விரட்டினார், மாபெரும் போர்த் தந்திரசாலி என்று முதல் பக்கத்தில் போட்டீர்கள். ஐயா, அந்த மனுஷன் தேவாலயத்துக்குக் கிளம்பி மாவு மில்லில் போய் நிற்கிறவர். அவரைக் கேப்டன் ஆக்கியது நம்ம ஊர்ப் பையன்கள் போட்ட ஓட்டு. ஓட்டுப் போட வைத்தது அவர் வாங்கிக் கொடுத்த ஒரு பீப்பாய் ஆப்பிள் மது. அதில் நீங்களும் குடித்தீர்கள். நடந்ததை, அவருடைய படைக் கம்பெனியிலேயே சார்ஜெண்டாக இருந்து, சேவைக் கெடு முடிந்து அவரோடு ஊர் திரும்பிய என் தம்பி சைலஸ் சொன்னான். "ரொட்டி வண்டிக்குக் காவலா ஓடை வழியே கீழே போங்கன்னு உத்தரவு அக்கா. மாமா மேலே ஏறுறார். 'மாமா, ஓடை கீழேதானே ஓடும்'னேன். 'பெரிய ஓடையைக் கண்டுட்டான், வாயை மூடிட்டு வாடா'ன்னார்." மழை, பனிமூட்டம், ஒன்றும் தெரியவில்லை. விடிகிற நேரத்தில் பன்றி இறைச்சி வறுபடும் வாசனை வந்ததாம். "நம்ம ஆளுங்கதான், வாங்க, ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போவோம்" என்று இவர் குஷியாக முன்னால் நடந்தாராம். அது எதிரியின் அடுப்பு. பீரங்கியை முன்பக்கம் திருப்பி வைத்துக் காத்திருந்தவர்கள், முதுகுக்குப் பின்னால் ஒரு கூட்டமே வருவதைக் கண்டு, வளைத்துவிட்டார்கள் என்று சட்டியைப் போட்டது போட்டபடி ஓட்டம் பிடித்தார்கள். ஓர் உயிர் போகவில்லை. நம்ம பிள்ளைகள் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டார்கள். மிச்சமெல்லாம் உங்கள் நிருபர் அடிவாரத் தந்தி ஆபீசில் நனையாமல் உட்கார்ந்து எழுதியது.

சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் அதை மற்றப் பத்திரிகைகளும் எடுத்துப் போட, வாஷிங்டனில் 'டட்டில் முறை' என்று வரைபடம் போட்டுப் படிக்கிறார்களாம். இனி யாரும் நேரே போய் மோதுவதில்லையாம், சுற்றிப் போவதுதான் யுத்தமாம், சோளம் முற்றுவதற்குள் தென்மாநிலங்களின் கலகம் அடங்கிவிடுமாம். இவருக்கு மூவாயிரம் பேர் கொண்ட படையாம். இவரும் மீசையைத் தடவிக்கொண்டு, "லொவைனா, யோசிச்சுப் பார்த்தா நான் தெரிஞ்சேதான் ஏறியிருக்கேன் போலிருக்கு" என்றார். ஒவ்வொரு தடவையும் எதிரி சமைத்துக்கொண்டே இருக்க மாட்டான். மூவாயிரமும் யாரோ பெற்ற பிள்ளைகள். பதவி ஏற்க வாஷிங்டனுக்குக் கிளம்பியவரை நேற்றுதான் அழுதுகொண்டே ரயிலேற்றினேன். உண்மையை அச்சிட்டு அவரைச் சேணக்கடைக்கே திருப்பி அனுப்ப வையுங்கள். எனக்கு அவர் முழுசாக வேண்டும்.

தங்கள் வீட்டாரும் கோழிகளும் நோய்நொடியின்றிப் பெருகட்டும்.

இப்படிக்கு,
லொவைனா டட்டில்

பின்குறிப்பு: மேலே உள்ளதில் ஓர் எழுத்தும் அச்சிட வேண்டாம். கையெழுத்துப் போட்டு நிமிர்கிறேன், பின்கதவைத் திறந்துகொண்டு அவர் நிற்கிறார். வழியில் ரயில் மாறினாராம், ஏறினாராம், தூங்கினாராம். "வாஷிங்டன் அப்படியே நம்ம ஊர் மாதிரி இருக்கே. நீ எப்ப வந்தே?" என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு விலா நோகிறது. இனி அவரை வாசற்படி தாண்ட விட மாட்டேன். எங்கே டட்டில் என்று யாராவது கேட்டால், எதிரி கனவிலும் நினைக்காத இடத்தில் ரகசியமாக முகாம் போட்டிருக்கிறார் என்று முதல் பக்கத்தில் போடுங்கள். இந்த ஒரு செய்தியாவது உண்மையாக இருக்கட்டும்.