நூறாண்டு நிறம்

வெள்ளைப் புள்ளி துப்பாக்கிக் கட்டையின் இடப்பக்கம் இருந்ததா வலப்பக்கம் இருந்ததா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆர்லீனைக் கேட்டால் இடப்பக்கம் என்பார். அவர் கணவர் வில்மர் ஹாக்கைக் கேட்டால், ரெண்டு பக்கமும்தான் என்பார். எந்த ஆண்டு என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை என்பதும், துப்பாக்கிக் கழகத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குச் சரியாக எட்டு நாள் இருந்தது என்பதும் மட்டும் நிச்சயம்.

சமையலறை மேசையில் துப்பாக்கிப் பெட்டி திறந்து கிடந்தது. ஜன்னலில் தொங்கும் பூந்தொட்டிக்கு ஆர்லீன் காலையில் தண்ணீர் ஊற்றியிருந்தார். வில்மர் தபால் எடுக்க வாசல்வரை போனார். பக்கத்து வீட்டுக்காரர் மழையைப் பற்றிச் சொன்னதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டுத் திரும்புவதற்குள், தொட்டியின் அடியிலிருந்து சொட்டிய தண்ணீர் துப்பாக்கியின் மரக்கட்டையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளியை வைத்துவிட்டிருந்தது.

"துடைச்சாப் போயிடாதா?" என்றார் ஆர்லீன்.

"துடைச்சா, துடைச்ச இடம் தெரியும்."

அது வில்மரின் துப்பாக்கியாக இருந்தால் அவர் அதைப் பார்த்திருக்கவே மாட்டார். அது எமரியின் துப்பாக்கி. ஹெம்லாக் ரிட்ஜ் இரட்டைக்குழல் துப்பாக்கிக் கழகத்தைத் தொடங்கிய எமரி குன்ட்ஸ், 1909இல் செய்யப்பட்ட தன் துப்பாக்கியைக் கழகத்துக்கே கொடுத்துவிட்டார். உறுப்பினர்கள் சேர்ந்த வரிசைப்படி, ஆளுக்கு ஓராண்டு அதைத் தங்கள் வீட்டில் வைத்திருந்து, அடுத்த ஜூனில் எல்லார் முன்னாலும் திருப்பித் தர வேண்டும். பெட்டி மூடியின் உட்புறத்தில் எமரி நான்கு விதிகளைத் தன் கையால் எழுதி ஒட்டியிருந்தார். சுடக் கூடாது. மரத்தில் எண்ணெய் படக் கூடாது. காய்ந்த பிளானல் துணியால் மட்டும் துடைக்கலாம். நான்காவது விதி கொஞ்சம் பெரிய எழுத்தில் இருந்தது: இதன் நிறத்தில் கை வைத்தவன் அன்றே கழகத்தை விட்டுப் போக வேண்டும்.

கழகத்துக்காரர்களுக்குப் புதுப் பளபளப்பு ஆகவே ஆகாது. நூறு வருடம் பலர் கை பட்டுத் தேய்ந்து, மங்கி, பழுப்பேறி நிற்கும் நிறம்தான் அவர்களுக்கு நிறம். யாராவது தன் அப்பாவின் துப்பாக்கியை ஆசையாக மெருகேற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தால் திட்ட மாட்டார்கள். நெருங்கிய உறவில் சாவு விழுந்தவனைப் போல அவனைத் தோளில் தட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

வில்மர் முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். அதிகம் பேச மாட்டார். தேவாலயத்திலும் கல்யாண வீடுகளிலும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் கொஞ்ச நேரத்தில் உடம்பு சரியில்லையா என்று விசாரிப்பார்கள். கழகத்தில் மட்டும் அப்படி இல்லை. அங்கே இரண்டு பேர் ஒரு துப்பாக்கியைப் பார்த்தபடி பத்து நிமிடம் வாய் திறக்காமல் நிற்பார்கள். பிறகு ஒருவர் "ம்" என்பார். நல்ல பேச்சு நடந்தது என்று இருவரும் திருப்தியோடு பிரிவார்கள். உலகத்தில் வில்மர் அப்படி நிற்க முடிந்த இடம் அது ஒன்றுதான். எமரியின் துப்பாக்கிக்காக அவர் பத்தொன்பது வருடம் காத்திருந்தார். அதோடு ஐம்பத்தோரு வாரங்கள் ஒழுங்காகக் கழிந்திருந்தன.

சனிக்கிழமை காலையில் வில்மர் ஒரு வால்நட் பருப்பை உடைத்துப் புள்ளியின் மேல் மெதுவாகத் தேய்த்தார். மரச்சாமான்களுக்கு அவர் அம்மா அப்படித்தான் செய்வார். வெள்ளை போய்விட்டது. அந்த இடத்தில், வெண்ணெய் தொட்ட விரலை வைத்து அழுத்தினாற்போல் ஒரு கறுத்த திட்டு வந்து உட்கார்ந்துகொண்டது.

கறுப்பை எடுக்க ஸ்பிரிட்டில் நனைத்த இரும்பு நாரை எடுத்தார். கறுப்பு போயிற்று. அதோடு சேர்ந்து நூறு வருடமும் போயிற்று. தோல் சீவிய உருளைக்கிழங்கு மாதிரி புது மரம் எட்டிப் பார்த்தது.

வில்மர் உட்கார்ந்துவிட்டார். ஆர்லீன் அடுப்பில் தண்ணீர் வைத்து, நான்கு டீப் பைகளைப் போட்டுக் கொதிக்க விட்டார். அது தனக்குக் குடிக்க என்று வில்மர் நினைத்தார். ஆர்லீன் அதில் ஒரு பஞ்சை முக்கி அவர் கையில் கொடுத்தார்.

டீ நன்றாகப் பிடித்தது. திங்கட்கிழமை வெளிச்சத்தில் பார்த்தால் அந்தப் பக்கம் முழுவதும் அழகான செம்பழுப்பாக இருந்தது.

"நல்லாத்தானே இருக்கு?"

"அதான் பிரச்சினை. இந்தப் பக்கத்தைப் பாத்துட்டு அந்தப் பக்கத்தைப் பாரு."

ஆகவே அந்தப் பக்கத்துக்கும் டீ. இரண்டு பக்கமும் ஒத்துப்போன பிறகு மொத்தக் கட்டையும் துப்பாக்கியோடு ஒத்துப்போகவில்லை. சிவப்பு தூக்கலாக இருந்தது. சிவப்பை அடக்கக் கெட்டியான கறுப்புக் காபி. காபி காய்ந்ததும் வில்மர் ஒரு வெள்ளைக் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தார். கைக்குட்டை பழுப்பாயிற்று. கழகத் தலைவர் நார்மன் ஸ்டாஃபர் எந்தத் துப்பாக்கியையும் வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டுதான் தொடுவார் என்பது அப்போதுதான் வில்மருக்கு உறைத்தது.

நிறம் கையோடு வராமல் இருக்க ஷூவுக்குப் போடும் மெழுகைப் பூசி, ஆர்லீன் தலைமுடி காயவைக்கும் கருவியால் சூடு காட்டினார்கள். மெழுகு மரத்துக்குள் இறங்கி இறுகியது. வேறொரு கைக்குட்டையால் துடைத்தபோது அது வெள்ளையாகவே இருந்தது. ஆனால் கட்டை பளபளத்தது.

ஆர்லீன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சவப்பெட்டி மாதிரி இருக்கு வில்மர்" என்றார்.

புதன்கிழமை காலையில் வில்மர் கோழித்தீவனக் கடைக்குப் போனார். வீட்டில் அந்தத் துப்பாக்கியோடு தனியாக இருக்க அவருக்குப் பயமாக இருந்தது. கடையில் நார்மன் ஸ்டாஃபர் நின்றுகொண்டிருந்தார். கை குலுக்கினார்கள். நார்மன் பிடித்த கையை விடாமல் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை, விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் பழுப்பு.

"என்னப்பா இது?"

"வால்நட்" என்றார் வில்மர். அந்த வட்டாரத்தில் வால்நட் தோல் உரித்தால் எல்லார் கையும் இப்படித்தான் கறுக்கும்.

"ஜூன் மாசத்துலயா?"

வால்நட் அக்டோபரில்தான் விழும். வில்மர் நெடுநேரம் யோசித்தார். "போன வருஷத்து வால்நட்" என்றார்.

நார்மன் அந்தக் கையை இன்னும் ஒரு முறை பார்த்தார். "ம்" என்று சொல்லிவிட்டு, தீவன மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். வில்மருக்கு அந்த "ம்" வழி நெடுகக் கூடவே வந்தது.

பளபளப்பைக் கொல்ல ஒரே வழிதான் மிச்சமிருந்தது. நூறு வருடமாக அதன்மேல் எத்தனை கைகள் பட்டிருக்குமோ, அத்தனையும் மூன்று நாளில் பட வேண்டும். வில்மர் அடுப்புச் சாம்பலை உள்ளங்கையில் அப்பிக்கொண்டு தேய்க்கத் தொடங்கினார். துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு பேஸ்பால் ஆட்டம் பார்த்தார், தேய்த்தார். பன்றி இறைச்சி வறுவலைச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவாமல் வந்து தேய்த்தார். வியாழக்கிழமை பிற்பகலில் அவர் மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஆர்லீன் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு, கட்டையைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டார். ஒரு கையில் தொலைபேசியைப் பிடித்துத் தங்கையிடம் பேசியபடியே மறு கையால் தேய்த்தார். என்ன சத்தம் அது என்று தங்கை கேட்டாள். வில்மர் முதுகு தேய்ச்சு விடறேன் என்றார் ஆர்லீன். கல்யாணமாகி நாற்பது வருடத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து இவ்வளவு நேரம் எதையும் செய்ததில்லை.

வெள்ளிக்கிழமை மாலை துப்பாக்கி மங்கலாக, பழையதாக இருந்தது. போன வாரம் இருந்த மாதிரி இல்லை. ஆனால் எதையோ பார்த்துக் களைத்துப் போன மாதிரி இருந்தது. வில்மர் பெட்டியை மூடினார். மூடும்போது நான்காவது விதியைப் பார்க்காமல் இருக்க முயன்றார்.

கூட்டம் வழக்கம்போல் தீயணைப்பு நிலையக் கூடத்தில் நடந்தது. வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே நீள மேசைகள் போட்டுப் பச்சைத் துணி விரித்திருந்தார்கள். ஒரு மூலையில் பன்றித் தொடைக்கறியும் உருளைக்கிழங்கும். அதற்கு அடுத்த மேசையில் இனிப்புகள். துப்பாக்கிகள் எல்லாம் மடக்கித் திறந்த நிலையில் வரிசையாகக் கிடந்தன. ஆண்கள் முதுகுக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தபடி நகர்ந்தார்கள்.

பதினோரு மணிக்கு நார்மன் கையுறைகளை மாட்டிக்கொண்டார். எமரியின் துப்பாக்கியைப் பெட்டியிலிருந்து எடுத்தார். சின்ன விளக்கை அடித்தார். அந்த வெளிச்சம் கட்டையின் மேல் போயிற்று. வெளிச்சம் அங்கே நிற்காமல் தாண்டிப் போயிற்று. குழல்களின் மேல் போய் நின்றது. நின்றது நின்றதுதான். நார்மன் குழல்களைச் சாய்த்துப் பார்த்தார், நிமிர்த்திப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். இருபது நிமிடம் ஆகியிருக்கும். பிறகு கையுறையைத் திருப்பிப் பார்த்தார். அது வெள்ளையாக இருந்தது.

துப்பாக்கி இன்னும் தங்கள் கைக்கு வராத உறுப்பினர்களை மட்டும் அருகே கூப்பிட்டார். அடுத்த வருடம் துப்பாக்கியை வைத்திருக்கப்போகும் டேல் யோஸ்ட் முன்வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு நின்றார்.

"இந்த நிறத்தை நல்லாப் பாத்துக்குங்க" என்றார் நார்மன். "இது எந்தக் கடையிலயும் கிடைக்காது. மனுஷன் கையால செய்யவும் முடியாது. நூறு வருஷம் சும்மா விட்டு வச்சாத்தான் இப்படி வரும்."

டேல் யோஸ்ட் அதை எழுதிக்கொண்டார். அதோடு விட்டிருந்தால் வில்மர் தப்பித்திருப்பார். ஆனால் நார்மன், பழைய நிறத்தைச் சோதிக்கும் குழுவில் ஓர் இடம் காலியாக இருப்பதாகவும், அதற்கு வில்மர் ஹாக்கைவிடத் தகுதியானவர் இல்லை என்றும் அறிவித்தார். கைதட்டினார்கள். பத்தொன்பது வருடமாக வில்மரின் மேசையைத் தாண்டிப் போனவர்கள் வந்து நின்று, அவர் அப்பாவின் துருவேறிய துப்பாக்கியைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "ம்" என்றார்கள்.

வில்மர் தொடைக்கறித் தட்டைத் தள்ளி வைத்தார்.

"சாப்பிடு" என்றார் ஆர்லீன்.

"முடியல."

"அப்ப போய்ச் சொல்லிட்டு வந்து சாப்பிடு."

யாரிடம் சொல்வது? எமரி இறந்து பல வருடமாகிறது. நார்மனைச் சுற்றிக் கூட்டம். கடைசியில் வில்மர் இனிப்பு மேசைக்குப் போனார். அங்கே எமரியின் மனைவி ஐடெல்லா, எண்பத்தெட்டு வயதில், முட்டிக்கு வலி தைலம் பூசிய வாசனையோடு நின்று, ஆப்பிள் பூரணம் வைத்துச் சுட்ட பை பலகாரத்தை வெட்டிக்கொண்டிருந்தார். ஆண்டுதோறும் பை வெட்டுவது அவர் வேலை. வில்மர் எதிரே போய் நின்றார். கொஞ்ச நேரம் இருவரும் பையைப் பார்த்தார்கள்.

பிறகு வில்மர் சொன்னார். செடித்தொட்டியிலிருந்து தொடங்கி ஒன்றையும் விடாமல் சொன்னார். தன் வாழ்நாளில் அவர் ஒரே மூச்சில் பேசியது அதுதான் அதிகம். ஐடெல்லாவின் கத்தி நிற்கவில்லை.

"டீயா?"

"டீ. அப்புறம் காபி. அப்புறம் ஷூ மெழுகு."

"சாம்பல் போட்டியா?"

"போட்டேன், மிசஸ் குன்ட்ஸ். தப்பு என்னோடது. நான் இன்னிக்கே விலகிக்கிறேன். நார்மன்கிட்ட நீங்க மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க, என்னால அவர் முகத்தைப் பாக்க முடியல."

ஐடெல்லா பெரிய துண்டாகப் பார்த்து ஒரு தட்டில் வைத்து அவர் பக்கம் தள்ளினார்.

"வருஷா வருஷம் பை வெட்டற நேரம் பாத்து ஒருத்தன் வந்து இதே மாதிரி நின்னு இதையேதான் சொல்றான், நீ பதினேழாவது ஆளு" என்றார். "அந்தக் குழலோட நிறம் நார்மன் அவன் வீட்டுக் குளியல்தொட்டியில வச்சுப் பண்ணினது. பாவம், வருஷத்துல ஒரு நாள்தான் அவனால அதைப் பத்தி வாய் விட்டுப் பேச முடியுது."

வில்மர் அந்தப் பையைச் சாப்பிட்டார். டேல் யோஸ்ட் அன்றே துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுபோனார். அடுத்த ஜூனில் இனிப்பு மேசைக்கு முன்னால் நின்றார். நார்மன் இன்னும் நான்கு வருடம் தலைவராக இருந்துவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். வில்மர் இன்னும் அந்தக் குழுவில் இருக்கிறார். ஐடெல்லா தொண்ணூற்றொரு வயதில் இறந்தார். இப்போது பை வெட்டுவது ஆர்லீன். கழகத்திலிருந்து இதுவரை ஒருவரையும் நீக்கவில்லை.