ஓம் கேட்காத பெட்டி

'ஓம்' என்ற சொல்லை இந்தப் பூமியில் அதிகம் உச்சரித்தவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், இமயமலைச் சாமியார்கள் இரண்டாம் பரிசுக்குத்தான் அடிபட வேண்டும். முதற்பரிசு எங்கள் ஓமண்ணனுக்கு. சாமியார் கண்ணை மூடி ஒரு ஓமை முடிப்பதற்குள், இவர் தேநீரில் பிஸ்கட்டை நனைத்தபடியே பத்துச் சொல்லிவிடுவார்.

மட்டக்களப்பு வாவிக்கரையில் இருக்கிற எங்கள் மீனவர் சமாசத்தில் அவர் நிர்வாக உத்தியோகத்தர். சொந்த ஊர் மண்டூர். பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்யும் கோயில் இருக்கிற ஊரில் பிறந்தவருக்கு, வாய்க்கட்டு மட்டும் வாய்க்கவில்லை. எதிரில் யாராவது மூச்சு வாங்கினால் போதும், இவர் ஓம் போட்டுவிடுவார். வானொலியில் செய்தி வாசிப்பவருக்கும் போடுவார்.

எங்கள் பக்கத்தில் ஓம் என்றால் 'ஆம்'. ஆனால் அவருடைய அகராதியில் ஓம் என்றால் 'கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லு' என்று பொருள். சம்மதம் என்றால் 'சரி' என்பார். இந்த வித்தியாசம் தெரியாத காப்புறுதி முகவர் ஒருவர், ஒரே மாலையில் மூன்று காப்புறுதிகளை அவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். கல்யாணமும் அப்படித்தான் நடந்தது என்பது அவர் மனைவியின் வாக்குமூலம். "தரகர் என்னப் பத்திச் சொல்லச் சொல்ல ஓம் ஓம் எண்டிருக்கார். மறுகா பந்தல் போட்டாப் பிறகுதான் என்ன நடக்குதெண்டு கேட்டாராம்."

இப்படிப்பட்டவரையும் என்னையும் சேர்த்துத்தான், காணொளிக் கூட்டத்துக்கு ஒரு கருவி தெரிவுசெய்யச் சொன்னார் எங்கள் தலைவர். கதிரவெளிக் கிளையை வாகரைக் கிளையோடு சேர்த்துவிடலாம் என்று அப்போது ஒரு பேச்சு இருந்தது. கூட்டத்துக்கு அங்கிருந்து யாருமே வருவதில்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பஸ் பிடித்து வந்து போனால் அன்றைய பிழைப்புப் போய்விடும், எப்படி வருவார்கள்? கிளை போனால், கருவாட்டுச் சாக்கோடு பெண்கள் வாகரைக்கு அலைய வேண்டும். அந்தப் பெண்களில் ஒருத்தி என் அம்மா. வீட்டில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காக முடித்த முதல் ஆள் நான் என்பதால், "எங்கட கதைய அவங்களுக்குக் கேக்கப் பண்ணு மனே" என்று பொறுப்பை என் தலையில் வைத்திருந்தார்.

நான் உயர் தெளிவு, வினாடிக்கு எத்தனை படம், கமராவின் பார்வைக் கோணம் என்றெல்லாம் இரவிரவாகப் படித்து, ஒரு பிற்பகல் முழுக்க ஓமண்ணனுக்கு விளக்கினேன். எழுபது ஓம் வந்திருக்கும். கடைசியில், "அது சரி தம்பி, இதில ரீவி எது?" என்று கேட்டார்.

முதலாவது கொம்பனி கொண்டுவந்த கமரா, பேசுகிறவரைத் தானாகவே தேடித் திரும்பும். எங்களிடம் ஒன்று, கதிரவெளியில் ஒன்று என்று பரீட்சார்த்தமாகப் பூட்டினார்கள். தலைவர் தொண்டையைச் செருமி, "எமது சமாசம் இன்று ஒரு புதிய..." என்றார். "ஓம்" என்றார் ஓமண்ணன். கமரா வெடுக்கென்று அவர் பக்கம் திரும்பியது. தலைவர் மறுபடி தொடங்கினார். மறுபடி ஓம். கோயில் திருவிழாவில் பிள்ளையைத் தொலைத்த தாய்போலக் கமரா அங்குமிங்கும் கழுத்தைத் திருப்பிக் களைத்து, கடைசியில் ஓமண்ணனிடமே குடியிருந்துவிட்டது.

கதிரவெளிக் கிளையின் செயலாளர் பூமணியக்கா அங்கிருந்து கேட்டார். "தலைவர் வரல்லயா கா? ஓமண்ணன்ட மூக்குத்தான் தெரியிது. மூக்கு நல்ல தெளிவு."

அந்தக் கருவி வேண்டாம் என்று தலைவர் அன்றே சொல்லிவிட்டார். ஆனால் இரண்டு நாளில் கொம்பனி லொறி வந்து வாசலில் நின்றது. விற்பனைப் பிரதிநிதி ஓமண்ணனுக்கு ஃபோன் எடுத்து, அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறார்.

"ஓம் எண்டீங்களா?"

"கேக்கிறன் எண்டு சொன்னன் தம்பி. அனுப்பு எண்டா சொன்னன்?"

லொறியைத் திருப்பி அனுப்ப நான் பட்ட பாட்டைத் தனியாக எழுத வேண்டும்.

இரண்டாவது கருவியின் பெருமை வேறு. காகம் கரைந்தாலும், காற்றாடி இரைந்தாலும், முச்சக்கரவண்டி கத்தினாலும் அந்த மைக் வடிகட்டிவிடும். மனிதப் பேச்சு மட்டுமே போகும். பரீட்சித்துப் பார்த்ததில் ஓமண்ணனின் ஓமையும் இரைச்சல் என்று அது வடிகட்டிவிட்டது. அந்த ஒரே காரணத்துக்காகத் தலைவர் அதை வாங்கச் சொன்னார். எனக்கும் மகிழ்ச்சிதான். படம் அவ்வளவு துல்லியம். வலையின் கண்ணை எண்ணலாம்.

பணம் கட்டுமுன் அதிலேயே ஒரு கூட்டம் வைத்தோம். கிளையை ஏன் சேர்க்கக் கூடாது என்று கதிரவெளிக்காரர் சொல்ல வேண்டும்.

பூமணியக்கா எழுந்தார். பின்வரிசையில் அம்மா. "எங்கட கிளையில அறுவது பொம்புளயள் இரிக்கம்..." என்று அக்கா தொடங்கி நிறுத்தினார். இங்கே ஓமண்ணன் ஓம் போட்டார். மைக் அதை வடிகட்டிவிட்டது. "கேக்குதா?" என்றார் பூமணியக்கா. தலைவர் அசைந்தது தெரியாத அளவுக்குக் கம்பீரமாகத் தலையாட்டினார். அக்கா இன்னும் இரண்டு வரி சொல்லிவிட்டு மறுபடி நிறுத்தினார். அங்கே அவர்களின் சுவர்த் திரையில் எங்கள் முகங்களெல்லாம் பளிச்சென்று, பொம்மைக் கொலு மாதிரி.

"லைன் போயிற்று கா," என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். "படத்தத்தான் விட்டிரிக்காங்க. ஆக்கள் இல்ல." பெண்கள் ஒவ்வொருவராக எழும்பிச் சேலையை உதறினார்கள். அம்மாவும் எழும்பிவிட்டார்.

"அவங்களுக்குச் சொல்ல ஒண்டும் இல்லப் போல," என்றார் தலைவர். "சேர்த்துடுவமே?"

"ஓம்" என்றார் ஓமண்ணன். அது 'கேக்கிறன்' ஓம்தான். ஆனால் தலைவர் பேனையை எடுத்துவிட்டார்.

ஓமண்ணனோ அதைக் கவனிக்கவே இல்லை. அவருக்கு வேறு கவலை. "நான் இவ்வளவு ஓம் சொல்றன், பூமணிக்கு ஒண்டும் கேக்கல்லயே" என்று மனம் நொந்து, சட்டைப் பையில் இருந்த பழைய ஃபோனை எடுத்து அவரை அழைத்தார். சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தார். "சொல்லு புள்ள, நான் இஞ்சதான் இரிக்கன்."

எங்கள் சுவர்த் திரையில் பூமணியக்கா ஃபோனைக் காதில் வைத்தபடி மெல்ல உட்கார்ந்தார். பெண்களும் உட்கார்ந்தார்கள். "மழைக்குக் கருவாடு நனைஞ்சா எங்க கொண்டு வைக்கிற?" ஓம். "வாகரைக்குச் சுமந்து போறதாரு?" ஓம். அணை திறந்ததுபோல் வந்தது. அம்மாவும் ஃபோனைப் பறித்து, நான் வீட்டிலேயே கேட்டிராத நாலு கேள்வி கேட்டார். தலைவர் பேனையை மூடினார். கிளை தப்பியது.

பிறகு வாங்கியது மூன்றாவதும் மலிவானதுமான ஒன்று. பாதி மேசைதான் படத்தில் விழும். காகமும் போகும், முச்சக்கரவண்டியும் போகும், ஓமும் போகும். இரண்டாவது கொம்பனிக்காரர் மறுத்த காரணத்தை எழுத்தில் கேட்டார். "தங்கள் கருவியில் ஓம் கேட்கவில்லை" என்று எழுதி அனுப்பினேன். அவர் அதைச் சமயப் பிரச்சினை என்று நினைத்து மன்னிப்புக் கேட்டுப் பதில் போட்டார்.

ஓமண்ணன் இப்போது ஓய்வுபெற்று மண்டூரில் வட்டை வயலில் வேளாண்மை பார்க்கிறார். போன கூட்டத்தில் பூமணியக்கா பேசிக்கொண்டே வந்து, வழக்கம்போல் ஓரிடத்தில் நிறுத்தினார். அறையில் ஒரு சத்தமும் இல்லை. என்னை அறியாமலே என் வாய், "ஓம்" என்றது.

பூமணியக்காவின் முகம் மலர்ந்தது. "ஓமண்ணன் வந்திரிக்காரா தம்பி?"

ஓமண்ணனின் வெறும் நாற்காலி படத்தில் விழாத பாதியில், அதே இடத்தில்தான் கிடந்தது. பார்த்தேன். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஓம் அக்கா" என்றேன்.