முடிச்சு மாஸ்டரும் ஒரு பூட்டும்

இரண்டு வாரமாகத் தெருவில் பேச்செல்லாம் இடுப்புக்குக் கீழேதான். முடிச்சு மாஸ்டர் வந்திருக்கிறாராம். இடுப்பில் கயிறு கட்டி ஏழு முடிச்சுப் போட்டால் சிறுநீர்ப்பைக்கே பூட்டாம்! வாடகை மண்டபம் நிரம்பிச் செருப்புகள் வாசல்வரை வழிந்தன. வேறெதுவும் வழியாது என்பதற்கு அத்தாட்சியாக, கழிப்பறைக் கதவிலேயே பெரிய பூட்டு. 'இனி இது உங்களுக்குத் தேவையில்லை' என்று பலகை வேறு.

முன்வரிசையில் நம்ம லிஃப்ட் ஆபரேட்டர். படியில் விழுந்து முதுகெலும்பில் அடிபட்டதிலிருந்து, பாவம், மனுஷனுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் கசிந்துவிடும். ஸ்டூலுக்கடியில் எப்போதும் மாற்று பேன்ட். "இன்னொரு தடவைன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்" என்று மேனேஜர் சொல்லியாயிற்று. நேரம் தவறாமல் மெல்லிய குழாய் விட்டுச் சிறுநீர்ப்பையைக் காலிசெய்யக் கற்றுத்தர, டாக்டர் இன்று பதினொரு மணிக்கு வரச்சொல்லியிருந்தார். குழாயா? சீச்சீ! கயிறு எவ்வளவு கௌரவம்!

தேடிவந்த மனைவியிடம் மார்தட்டினார். "கயிறு கட்டி மூணு மணி நேரமாச்சு. ஒரு சொட்டு இல்லை, பாரு!"

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிச்சீங்களா?"

"குடிக்கக்கூடாதுன்னு மாஸ்டர் உத்தரவு."

"காஞ்ச தொட்டிக்குப் பூட்டு எதுக்குங்க? முதுகுல நரம்பு சேதி கொண்டுபோகலைன்னு டாக்டர் சொன்னாரே. லிஃப்ட்ல வயர் அறுந்தா கதவுலயா கயிறு கட்டுவீங்க?"

ஆபரேட்டர் கயிற்றை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார். அவளோ நேரே மேடைக்குப் போனாள்.

"மாஸ்டர், கயித்துக்கு எல்லார் உடம்பும் கட்டுப்படுமா?"

"எந்த உடம்பும் கட்டுப்படும், தாயே!"

"அப்போ நீங்களே கட்டிக்குங்க. இந்தாங்க, ரெண்டு பாட்டில் தண்ணி."

கூட்டம் கைதட்டியது. மாட்டிக்கொண்டார் மாஸ்டர், கட்டிக்கொண்டார், குடித்தார். காலையிலிருந்து பிளாஸ்க் காபி மூன்று டம்ளர் இறக்கிய உடம்பு அது. உத்தரவு மற்றவர்களுக்குத்தானே!

பத்து நிமிடத்தில் பேச்சு குறைந்தது. இருபதில் முழங்கால்கள் ஒட்டிக்கொண்டன. அரை மணியில் அங்கியைத் தூக்கிக்கொண்டு ஓடினார் பாருங்கள், கழிப்பறைக்கு!

"சாவி! சாவி எங்கேய்யா?"

"உங்க மச்சான் எடுத்துக்கிட்டு டீ குடிக்கப் போயிருக்கார்!"

ஏழு முடிச்சும் இறுக்கமாகத்தான் இருந்தன. அங்கிதான் நனைந்தது.

ஆபரேட்டர் தன் கயிற்றை அறுத்தெறிந்தார். "மணி என்னம்மா?"

"பத்தே முக்கால்."

"நட, ஆஸ்பத்திரிக்கு. பையில வேற தண்ணி இருந்தா கொடு முதல்ல, நாக்கு ஒட்டுது."

அவர்கள் படியிறங்கும்போது உள்ளே ஒருவர் கேட்டாராம்: "மாஸ்டர் அங்கி மாத்திட்டு வருவாரில்ல?"

அன்று மண்டபத்தில் உருப்படியாக வேலைசெய்த பூட்டு கழிப்பறைப் பூட்டு ஒன்றுதான். உங்கள் மண்டையில் தொங்குகிற பூட்டையும் கொஞ்சம் திறங்களேன், சாமிகளா! அதன் சாவி யார் மச்சானிடமும் இல்லை.