செருப்புக்கு உயிர் கொடுத்த விண்மீன் மண்டலம்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் மெத்தைக் கடை மாடியில் கால் வைக்க இடம் கிடையாது. அங்கேதான் மறுஇயக்க மகான் அருள்பாலிக்கிறார். போன வருஷம்வரை தண்ணீர் வடிகட்டி விற்றவர். ஒரு செய்தி படித்தார், மகானாகிவிட்டார்.

செய்தி உண்மை. அதுதான் வம்பு. எங்கோ ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுமையம் லட்சக்கணக்கான ஆண்டுகள் அடங்கிக் கிடந்துவிட்டு, மறுபடி இயங்கத் தொடங்கியிருக்கிறது. அதன் ரேடியோ அலைகளை விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். நம்மவர் மாடியில் ஒரு டிஷ் நட்டார். கீழே பழைய ரேடியோ, பக்கத்தில் செம்புத் தகடு.

"தகட்டுல கை வைங்க. ரேடியோ கரகரத்தா உங்க மையமும் மறுபடி ஓடுதுன்னு அர்த்தம்."

எல்லோருக்கும் கரகரத்தது. மண்டலத்துக்கு அவ்வளவு இரக்கம்.

பக்கவாதத்தில் விழுந்த பஸ் டிரைவரைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தாள் மனைவி. மாத்திரையின் அலை மண்டலத்தின் அலையோடு மோதும் என்றார் மகான். அன்றே ரத்த அழுத்த மாத்திரை நின்றது. மாத்திரைக்கு ஏது அலை என்று கேட்க அங்கே ஒரு நாதியில்லை.

டிரைவரின் தங்கை பல் டாக்டர். விஷயம் தெரிந்ததும் அண்ணன், அண்ணியோடு வந்தாள். தகட்டில் அண்ணன் கை வைத்தான். ரேடியோ கரகரத்தது. கூடவே மகானின் அங்கிக்குள் 'டிக்' என்றொரு சத்தம். மாத்திரையைக் கொடுங்கள் என்று தங்கை எவ்வளவு சொல்லியும் அண்ணி கேட்கவில்லை. அடுத்த வாரம் தங்கை கைப்பையோடு அவர்கள்கூட வந்து, தன் செருப்பைக் கழற்றித் தகட்டில் வைத்தாள்.

"என்னம்மா இது, அபச்சாரம்."

"இதுவும் அறுந்து போச்சு சாமி. மறுபடி ஓடுதான்னு பாப்போம்."

கைப்பைக்குள் கையை விட்டாள். டிக். கரகர. டிக். கரகர. முன்வரிசையில் இருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அவள் கையை வெளியே எடுத்தாள். கேஸ் அடுப்பு லைட்டர்.

"எங்க வீட்ல அடுப்பு பத்த வச்சாலே ரேடியோ கரகரக்கும். லைட்டரோட மின்பொறி செய்யற வேலை. உங்க பாக்கெட்டைக் கொஞ்சம் காட்டுங்க."

மகான் எழுந்து ஓடப் பார்த்தார். அங்கியிலிருந்து லைட்டர் விழுந்தது.

அண்ணியின் முகம் வெளுத்தது. "ஒரு மாசமா மாத்திரை கொடுக்கலையே, பாவி நான்," என்று அழுதாள்.

"அழுகையை அப்புறம் பாத்துக்கலாம் அண்ணி. ஆஸ்பத்திரிக்கு வாங்க."

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கிளம்பியவளை ஒரு பெரிய மனிதர் வழிமறித்தார். "அந்தச் செருப்பைத் தருவீங்களா? பூஜையில வச்சுக்கறேன்."

ஐயா, செருப்பைத் தலைக்கு மேலே வைப்பதற்கு முன், தலைக்குள்ளே ஏதாவது இருக்கிறதா என்று ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.