பிரெஞ்சு விஞ்ஞானியும் என் மூவாயிரம் கோழிகளும்

வேலையைத் தள்ளிப்போடுகிறவன் கூடவே பொய்யையும் வளர்க்க வேண்டியிருக்கும். என் பொய்கள் நல்ல முட்டைக் கோழி ரகம். தினம் ஒன்று தவறாது.

அந்த வாரம் மனைவியிடம் சொன்ன பொய் இது: "கோழிக்குத் தடுப்பு மருந்து குடுத்தாச்சு கவிதா." மருந்துக் குப்பி எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் மாவுச் சட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. (ஒளித்தது யார் என்று கேட்காதீர்கள்.)

இந்த லட்சணத்தில் புதுச்சத்திரம் பக்கம் ஒரு பள்ளியில் பேச்சுப் போட்டிக்குக் கோழிப்பண்ணைக்காரனான என்னை நடுவராகக் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் பழைய காலத்து விஞ்ஞானியாக மாறி, கேட்பவரை இணங்க வைப்பதுபோல் பேச வேண்டும். ஜெயித்தால் மாவட்டப் போட்டி. நடுவர் நான் ஒருவன்தான். தோளில் சால்வை, முன்னால் மார்க் ஷீட், கேள்வி கேட்கக் கையில் மைக். தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

கடைசியாக வந்தாள் எட்டாம் வகுப்பு யாழினி. பஞ்சுத் தாடி ஒரு பக்கம் தொங்க, கோழிக் காலராவுக்குத் தடுப்பு மருந்து கண்ட பிரெஞ்சு விஞ்ஞானியாக நின்றாள்.

"நாளைக்குக் கொடுக்கலாம் என்கிறீர்களே, உங்கள் நாளைக்காக நோய் வாசலில் காத்துக்கொண்டு நிற்குமா?" என்று நேராக என்னைப் பார்த்து விரலை நீட்டினாள்.

எனக்கு வேர்த்துவிட்டது. மூவாயிரம் கோழிகளும் கூண்டுக்குள்ளிருந்து என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. மேசைக்குக் கீழே குனிந்து, ரகசியமாக வீட்டுக்குப் போன் போட்டேன்.

"கவிதா, கோவிச்சுக்காத. மருந்து குடுக்கவே இல்ல. மாவுச் சட்டிக்குப் பொறகால இருக்குது. இப்பவே பண்ணையாளுககிட்டத் தண்ணியில கலக்கச் சொல்லு."

ரகசியம் பள்ளி முழுக்க எதிரொலித்தது. ஒரு கையில் போன், மறு கையில் மைக்; இரண்டையும் வாய்க்கு நேரே பிடித்திருந்தேன். என் செல்லுக்குத் தானாக ஸ்பீக்கர் போட்டுக்கொள்ளும் வியாதி வேறு.

"ஏனுங்க, மருந்து குடிச்சுட்டுக் கோழியெல்லாம் தெம்பா நிக்குதுன்னு நேத்து சொன்னீங்களே, அது எந்தூருக் கோழிங்க?" என்றது மனைவியின் குரல்.

சிரிப்பு அடங்குவதற்குள் பேச்சு நேரம் முடிந்த மணி அடித்துவிட்டது. யாழினியின் பேச்சு பாதியில் நின்றது. தாடியைக் கழற்றினாள், உதடு துடித்தது.

"முடிவுரை இல்லீங்களே, மார்க் குறைக்கோணுமுங்க" என்றார் டீச்சர்.

கெடுத்தவன் நான், மார்க் அவளுக்கா குறைவது? மார்க் ஷீட்டைப் பார்த்தேன். கடைசி வரி: 'கேட்பவர் மனத்தை மாற்றுதல்.' எழுந்து, இந்த முறை தெரிந்தே மைக்கில் பேசினேன்.

"டீச்சருங்க, சம்சாரம் ஒரு வாரமாச் சொல்லியும் பொய் சொல்லித் தப்பிச்சவனுங்க நானு. இந்தப் புள்ள மூணு நிமிசத்துல மாத்திப்போட்டுது. இதுக்கு மேல என்ன முடிவுரைங்க?"

டீச்சர் சிரித்துவிட்டார். "நடுவர் சொன்னாச் சரிங்க."

முழு மார்க் போட்டேன். யாழினி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "ஐயா, மருந்து கலக்கீட்டாங்களா?"

கலக்கிவிட்டார்கள். யாழினி மாவட்டப் போட்டிக்குப் போனாள். அங்கே தாடி உறுதியாக ஒட்டியிருந்ததாகக் கேள்வி.

இன்றைக்கும் நான் "ஆச்சு கவிதா" என்றால் போதும், கையிலிருக்கும் கரண்டியை என் வாய்க்கு நேரே நீட்டுவாள்.

"எங்க, இதுல சொல்லுங்க பாக்கலாம்."