தொண்ணூற்றெட்டு வருகைகள்

ஜின்ஜா நகரில் நீதி பிறந்தது மார்ச் மூன்றாம் தேதி, காலை பதினொன்று இருபதுக்கு. அதற்கு முன் இருந்ததெல்லாம் வெறும் நீதிமன்றம்தான். அந்த நல்ல நேரத்தில் 'பகேயா வழக்கறிஞர் நிறுவன'த்தின் வலைத்தளம் கண் திறந்தது. நிறுவனம் என்றால் வக்கீல் பகேயா, குமாஸ்தாவாகிய நான், மழைக்கு ஒழுகும் ஒரு கூரை.

வக்கீல்கள் விளம்பரம் செய்யக்கூடாது என்பது விதி. ஆகவே முதல் பக்கத்தின் உச்சியில் 'இது விளம்பரம் அல்ல' என்று கொட்டை எழுத்தில் போட்டோம். கீழே பகேயா கைகட்டி நிற்கும் படம். பின்னால் அலமாரி நிறையச் சட்டப் புத்தகங்கள். அந்த அலமாரி, தலைநகர் கம்பாலாவிலிருந்து வந்த வலைத்தள நிபுணர் செஞ்சோங்கா கையோடு சுருட்டிக் கொண்டுவந்த திரை.

"இனிமே கட்சிக்காரங்க கதவு வழியா வரக்கூடாது. வலைத்தளம் வழியாத்தான் வரணும்," என்றார் செஞ்சோங்கா.

"அப்புறம் கதவு எதுக்குங்க?" என்றேன்.

"நீங்க சாயங்காலம் வீட்டுக்குப் போக!"

என்ன ஞானம்! அன்றே வாசலில் அறிவிப்பு ஒட்டினேன்.

மறுநாள் நைகாகா வந்தார். புகெம்பேயில் சாலையோரம் சப்பாத்தி சுட்டு விற்கும் பெண். அவர் குடியிருக்கும் மனை தன்னுடையது என்று ஒரு கரும்பு வியாபாரி வழக்குப் போட்டிருந்தார். பதினைந்து நாளுக்குள் பதில் மனு போடாவிட்டால் ஒருதலையாகத் தீர்ப்பாகிவிடும், வீடு போய்விடும்.

"வக்கீலையா உள்ளதானே இருக்காரு? இருமுறது கேக்குதே."

"இருக்காரும்மா. நீங்க வலைத்தளத்துல பதிவு பண்ணிட்டு வாங்க."

"எதிர்லயே நிக்கிறேனே தம்பி, நான் மனுஷி இல்லையா?"

"மனுஷிதான். ஆனா பதிவாகலையே!"

சந்தையில் இருக்கும் இணைய மையத்துக்குப் போய்ப் பதிவு செய்தார். 'உங்கள் கவலை எங்கள் கவலை. இருபத்துநான்கு மணி நேரத்தில் தொடர்புகொள்வோம்' என்று உடனே பதில் போனது. அதை அனுப்பியது இயந்திரம் என்பதால் மனிதர் யாரும் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. அவர் மறுபடி பதிவு செய்தார். மறுபடியும் அதே பதில். அடுப்பை அணைத்துவிட்டு நாளைக்கு ஆறேழு தடவை போனார்.

திங்கட்கிழமை ஆய்வுக் கூட்டம் கூடியது.

"எத்தனை வருகை?" என்றார் பகேயா.

"நாப்பது சார். எல்லாமே புகெம்பேலேருந்து."

"ஊரே திரண்டு வருதுய்யா! சோடா உடை!"

உடைத்தோம். வறுத்த நிலக்கடலையும் உண்டு. நாற்பதும் ஒரே பெயரில் வந்தவை என்பதை நான் பார்த்திருந்தேன். கடலையைக் கீழே வைத்துவிட்டு மெல்ல ஆரம்பித்தேன்.

"சார், அந்த விண்ணப்பங்களை ஒருதடவை படிச்சுப் பாத்துடலாமா? யாருக்காவது கெடு தாண்டிடப் போகுது."

"நூறு ஆகட்டும்யா. நடுவுல தொட்டா கணக்கு கலைஞ்சுடும்னு செஞ்சோங்கா சொல்லியிருக்காரு."

நிபுணர் வாக்கை மீறலாமா? இன்னொரு சோடாவை உடைத்தேன். பதினைந்தாம் நாள் எண்ணிக்கை தொண்ணூற்றெட்டில் நின்றது. பதினாறாம் நாள் பூஜ்யம். அதற்கப்புறம் ஐந்து வாரமும் பூஜ்யம்தான்.

அவசரக் கூட்டம் போட்டோம். பக்கத்தின் நீல நிறம் மக்களை விரட்டுகிறது, பச்சையாக்க வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். அப்போது வாசலில் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். நைகாகா ஒரு மெத்தையோடும் சப்பாத்திக் கல்லோடும் உட்கார்ந்திருந்தார். கூடவே அவர் உறவுக்காரர்கள் பத்துப் பேர்.

"இடிச்சுத் தள்ளிட்டாங்க தம்பி. தொண்ணூத்தெட்டு தடவை கேட்டேனே, ஒருதடவைகூடவா உங்க காதுல விழல?"

பகேயா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"கூட்டத்தைப் பாருய்யா! படம் எடு, படம் எடு!"

அந்தப் படம் இப்போது எங்கள் முதல் பக்கத்தில், பச்சைப் பின்னணியில் இருக்கிறது. 'நீதி தேடி எங்கள் வாசலில் மக்கள்' என்று கீழே எழுதியிருக்கிறோம். எடுத்தவன் நான்தான். மெத்தை மட்டும் படத்தில் விழாமல் பார்த்துக்கொண்டேன்.