புதன்கிழமை ராத்திரி, மூன்று பேருக்கு

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமையை ஒரு நாள்கூட மூட்டை கட்டி வைத்ததில்லை. உழவர்கரையில் எங்கள் வீட்டுக்குள் வரும் எந்தக் காகிதமும், கரண்ட் பில்லானாலும் கல்யாணப் பத்திரிகையானாலும், என் கண்ணில் படாமல் அடுத்த அறைக்குப் போகாது. மாத்திரை அட்டையின் பின்னால் இருக்கும் பொடி எழுத்தைக்கூட உரக்கப் படித்துவிட்டுத்தான் அம்மாவிடம் மாத்திரையைக் கொடுப்பேன். (அதற்குள் தலைவலியே போய்விட்டது என்பார் அம்மா.)

அப்படிப்பட்ட எனக்கு, அந்த வருடத்தின் நல்ல ஊழியர் என்று சொல்லி, மூன்று பேர் போகக்கூடிய கப்பல் பயணம் ஒன்றை அலுவலகத்தில் பரிசாகக் கொடுத்தார்கள். திங்கட்கிழமை சென்னையில் ஏறி, விசாகப்பட்டினம் வரை போய், வியாழக்கிழமை காலையில் சென்னையிலேயே இறங்க வேண்டும். மூன்று ராத்திரி. கப்பலில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெரிய சாப்பாட்டுக்கூடம் உண்டு. அவரவர் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் போக வேண்டும். அது தவிர, பத்தாவது மாடியில் ஒரு தனி ஓட்டல். அங்கே நாம் உட்கார்ந்தால் போதும், கொண்டுவந்து வைப்பார்கள். அந்த ஓட்டலில் மூன்று பேருக்கு ஒரே ஒரு ராத்திரிச் சாப்பாடு எங்கள் பரிசில் அடக்கம். எந்த ராத்திரி என்பதைக் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

எனக்குக் கடலையும் கப்பலையும்விட அந்த ஒரு வேளைச் சாப்பாடுதான் பெரிதாகத் தெரிந்தது. காரணம் அப்பா.

அப்பா ஒரு கல்யாணச் சமையல் கோஷ்டியில் பந்தி பரிமாறுகிறவர். ஊரெல்லாம் முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்று உட்கார்ந்து எழுந்த பிறகு, வடை தீர்ந்து, பாயசத்தில் முந்திரி இருந்த தடம்கூட இல்லாதபோது, அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுவார். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வேட்டி கட்டி விருந்தாளியாக அழைத்துப் போனாலும் அரை மணியில் சாம்பார் வாளியோடு நிற்பார். வீட்டிலும் அதே கதை. நாங்கள் கை கழுவிய பிறகுதான் அவர் தட்டு வெளியே வரும். அப்பா ஒரு நாற்காலியில் சாய்ந்து உட்கார வேண்டும், கோட்டுப் போட்ட ஒருவர் குனிந்து, "சார், வேறென்ன வேண்டும்?" என்று கேட்க வேண்டும், அதை நான் எதிரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

சரி, எந்த ராத்திரி?

"செவ்வாக்கெழம போடு," என்றார் அப்பா. "மொத நாளு சமையக்காரனுக்கு அடுப்பு பழகியிருக்காது. கடைசி நாளு, மிஞ்சினதுக்கெல்லாம் வேற பேரு வச்சி எறக்குவான். நடு நாளுதான் கை நிதானத்துல இருக்கும்."

"செவ்வாக்கெழம நான் கவுச்சி தொட மாட்டேன்," என்றார் அம்மா. "திங்கக்கெழமயே போயிடலாம். குடுக்குறேன்னு சொன்னத அன்னிக்கே வாங்கிக்கணும். மறுநா அந்த ஓட்டல மூடிட்டான்னா?"

"நடுக்கடல்ல மூடிட்டு எங்கம்மா போவான்?"

"எனக்கு இன்னா தெரியும்? படிச்சவ நீ."

இந்தக் கடைசி வாக்கியத்தை என்னிடம் யாரும் சொல்லவே கூடாது. சொன்னால் படிக்க ஆரம்பித்துவிடுவேன். முன்பு அந்தக் கப்பலில் போனவர்கள் எழுதிவைத்ததையெல்லாம் போனில் படித்தேன். பேருந்தில் படித்தேன், சாப்பிடும்போது படித்தேன். கடைசியில், நீதிபதி தீர்ப்புச் சொல்வதுபோல் கூடத்தில் நின்று அறிவித்தேன்.

"புதன்கெழம. கடைசி ராத்திரி. அன்னிக்கி நான் விருந்து வெக்கிறேன். பேச்சு முடிஞ்சுது."

வெளியே சொன்ன காரணம், நல்லதைக் கடைசியில் வைத்துக்கொள்வதுதான் அழகு என்பது. வெளியே சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. (எழுதவே கூசுகிறது.) அப்பாவும் அம்மாவும் முள்கரண்டி பிடித்துப் பழக இரண்டு நாளாவது வேண்டும். திங்களும் செவ்வாயும் பொதுக்கூடத்தில் பயிற்சி, புதனன்று அரங்கேற்றம். என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள நான் போட்ட திட்டம் இது.

அந்த இரண்டு நாளில் அம்மா என்னவெல்லாம் செய்வார் என்பதை மட்டும் எந்தப் பயணியும் எழுதிவைத்திருக்கவில்லை.

கப்பலில் ஏறினோம். பயிற்சி தொடங்கியது. அம்மா முள்கரண்டியால் இட்லியைக் குத்தி, அது தப்பித்து ஓடாது என்று உறுதியானதும், கையால் எடுத்துச் சாப்பிட்டார். அப்பா ஒரே நிமிடத்தில் கத்தியும் முள்ளும் பிடித்துவிட்டார். கை வேலைக்காரர் அல்லவா? அவரிடம் பிரச்சினை வேறு. உட்கார மாட்டார்.

"தட்ட ஏந்திக்கினு வரிசைல நிக்க வச்சிட்டு, இதுக்குப் பேரு விருந்தா?" என்று முதல் ராத்திரியே முகம் சுளித்தார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் தயிர் எடுக்கப் போனவர் திரும்பவில்லை. தேடிப் போனேன். ஒரு பாட்டியம்மாவுக்குக் கரண்டி கனமாக இருக்கிறதே என்று உதவப் போய், அப்படியே குழம்புப் பாத்திரத்தின் பின்னால் நின்று, வரிசையில் வந்த அத்தனை பேருக்கும் ஊற்றிக்கொண்டிருந்தார். வேலைக்கு இருந்த ஆள் கைகட்டி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, புதன்கெழம மட்டும் நீ கரண்டியத் தொடக் கூடாது. சத்தியம் பண்ணு."

"சரிம்மா, தொடல."

"உக்காந்து சாப்புடணும்."

"உக்காந்தே சாப்புடுறன்."

அப்பாவைக் காவல் காத்ததில் அம்மாவைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். அம்மாவுக்குத் தெரிந்தது ஒரே கேள்வி: "நீங்க எந்த ஊரு?" அதை லிஃப்டில் கேட்டார், மேல்தளத்தில் கேட்டார், மோர் வரிசையில் கேட்டார். செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள் தவளக்குப்பத்திலிருந்து வந்த வசந்தா அக்கா, அவர் வீட்டுக்காரர், மாமியார், இரண்டு நாத்தனார்கள், அவர்கள் பிள்ளைகள், கடலூரிலிருந்து கூட்டமாக வந்திருந்த டீச்சர்கள் என்று ஒரு தெருவே அம்மாவுக்குப் பழக்கமாகிவிட்டது. மூன்று வேளையும் ஒரே நீள மேசையில் சாப்பாடு. எனக்கும் நல்லதாகவே பட்டது. அம்மாவுக்குப் பொழுது போகிறதே!

புதன்கிழமை வந்தது. அம்மா அரக்குப் பட்டு கட்டினார். அப்பாவுக்கு நான் வாங்கிக்கொடுத்த புதுச் சட்டை. மடிப்புக் கலையாமல் இருக்க, லிஃப்டில் கைகளை உடம்பிலிருந்து சற்றுத் தள்ளியே வைத்துக்கொண்டு வந்தார். பத்தாவது மாடியில் கதவு திறந்தது.

ஓட்டல் வாசலில் பட்டுப்புடவைகள் நின்றன. மொத்தம் பதினேழு பேர்.

"வந்தாச்சு, வந்தாச்சு!" என்றார் வசந்தா அக்கா. "நாங்கதான் சீக்கிரம் வந்துட்டோம்போல. இன்னா விசேஷம்னு உங்கம்மா வாயே தொறக்கல. உனக்கு நிச்சயமா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா எல்லோரையும், "வாங்க, வாங்க," என்று கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற முறைப்படி வரவேற்றுக்கொண்டிருந்தார்.

அதற்குள் வசந்தா அக்காவின் மாமியார் கையில் ஒரு தட்டு இருப்பதைக் கவனித்தேன். கீழே சாப்பாட்டுக்கூடத்தில் எடுத்த ஆப்பிள், ஆரஞ்சு, வாழைப்பழங்களைக் கோபுரமாக அடுக்கி, உச்சியில் ஒரு கொத்துத் திராட்சை. அசல் சீர்வரிசைத் தட்டு. வெறுங்கையோடு வரக்கூடாதாம். அந்த அம்மாள் மாப்பிள்ளையைத் தேடிச் சுற்றிலும் பார்த்தார். அங்கே கோட்டும் கழுத்துப்பட்டையும் போட்டு, தலையைப் படிய வாரி, சிரித்த முகமாக ஒரே ஒருவர்தான் நின்றுகொண்டிருந்தார். ஓட்டலின் மேனேஜர். கோவாக்காரர். நேராகப் போய் அவர் கையில் தட்டைக் கொடுத்து, "நல்லா இருக்கணும் ராசா," என்று முகத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். அவர் என்ன செய்வார் பாவம்! விருந்தினர் கொடுப்பதை மறுக்கக் கூடாது என்று பயிற்சி கொடுத்திருப்பார்கள் போலிருக்கிறது. குனிந்து வாங்கிக்கொண்டார்.

பிறகு என் பக்கம் திரும்பி, "மேடம், ரிசர்வேஷன் மூன்று பேருக்குத்தானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். கடைசி ராத்திரி என்பதால் வேறு ஒரு மேசைகூடக் காலியில்லையாம். (நல்லதைக் கடைசியில் வைத்துக்கொள்வதுதான் அழகு என்று கப்பலில் எல்லோருமே படித்திருக்கிறார்கள்.) எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி, கூட்டங்களில் ஆங்கிலத்தில் வெளுத்துவாங்குகிறவள், அந்த இடத்தில் "ஸாரி" என்று மட்டும் பத்துப் பன்னிரண்டு தடவை சொன்னேன்.

அம்மாவை ஓரமாக இழுத்தேன். "ஏம்மா இப்பிடிப் பண்ணின?"

"இன்னா பண்ணிட்டேன்? மூணு நாளா கூட உக்காந்து சாப்புட்டவங்க. இன்னிக்கி நாம மட்டும் மேல ஏறிப் போயித் தின்னா தொண்டைல எறங்குமா?"

"இது ஓட்டல்மா! நம்ம வூடு இல்ல!"

"நீதான சொன்ன, புதன்கெழம நான் விருந்து வெக்கிறேன்னு? எத்தினி பேருக்குன்னு சொன்னியா? திங்கக்கெழமயே போலாம்னு நான் தலபாடா அடிச்சிக்கிட்டேன். அன்னிக்கி எனக்கு இங்க யாரத் தெரியும்?"

உண்மைதான். திங்கட்கிழமை போயிருந்தால் அம்மாவுக்குக் கப்பலில் ஒரு ஈ காக்காயைக்கூடத் தெரியாது.

எங்கள் ரகசியப் பேச்சு பதினேழு பேருக்கும் நன்றாகவே கேட்டது. "பரவால்லம்மா, நாங்க கீழ போயிடுறோம்," என்று வசந்தா அக்கா மெதுவாகப் பின்வாங்கினார். டீச்சர்கள் புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டார்கள். அப்போதுதான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். சோறு தீர்ந்து ஒரு பந்தியைத் திருப்பி அனுப்பினால் ஒரு வாரம் வீட்டில் பேசாதவர் அவர். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்னிடம் செய்த சத்தியம் கொஞ்ச நேரம் தத்தளித்தது. பிறகு மூழ்கிவிட்டது.

"இருங்க, யாரும் போவாதீங்க," என்றார். "வயசானவங்க மூணு பேரு மொதல்ல வந்து உக்காருங்க."

நான் படித்துப் படித்துத் தேர்ந்தெடுத்த ராத்திரியில், எங்கள் மேசையில் வசந்தா அக்காவின் மாமியாரும், ஓய்வுபெற்ற இரண்டு டீச்சர்களும் உட்கார்ந்தார்கள். மற்றவர்களை அப்பா வாசலுக்கு வெளியே, போகிற வருகிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல், சுவரோரமாக வரிசையில் நிறுத்தினார். புதுச் சட்டையின் கை முழங்கைக்கு மேலே ஏறியது.

"அப்பா, சத்தியம்..."

"கரண்டியத்தான தொடக் கூடாதுன்ன? இது முள்ளு."

சொன்னால் நம்ப மாட்டீர்கள். மூன்று துண்டு மீன் வந்தது. பதினேழு பேருக்கு வந்தது. லட்டு குறைந்துபோன கல்யாணங்களில் அப்பாவின் கோஷ்டியில் அவரைத்தான் கூப்பிடுவார்களாம், அதன் அர்த்தம் எனக்கு அன்றுதான் புரிந்தது. ஒரு துண்டு பெரிது, ஒரு துண்டு சிறிது என்று யாரும் சொல்ல முடியாது. இறாலும் அப்படியே போனது. கடைசியில் வந்த சாக்லேட் கேக், வரிசையில் ஆளுக்கு ஒரு சிட்டிகை, கோயில் பிரசாதம்போல் கையில் விழுந்தது. பக்கத்து மேசைகளில் சாப்பாட்டை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்கள். நான் அங்கிருந்த பூச்சாடியின் பின்னால் நிற்க முயன்றேன். ஆனால் அது சின்னப் பூச்சாடி. மேனேஜர் கொஞ்ச நேரம் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் என்ன நினைத்தாரோ, ஒரு கூடை ரொட்டியும் வெண்ணெயும் அவராகவே கொண்டுவந்தார். அப்பா கூடையை ஒரு பார்வை பார்த்துவிட்டு இரண்டு விரலைக் காட்டினார். இன்னும் இரண்டு கூடை வந்தது.

எங்கள் மூவருக்கும் எதுவும் மிஞ்சவில்லை. அப்பா நாற்காலியின் பக்கம்கூடப் போகவில்லை. கண்ணில் நீர் முட்டியது எனக்கு. பசியால் இல்லை. (கொஞ்சம் பசியாலும்தான்.)

எல்லோருமாகக் கீழே பொதுக்கூடத்துக்கு இறங்கினோம். அப்பா வழக்கம்போல் தட்டுகள் அடுக்கியிருந்த பக்கம் நடந்தார். வசந்தா அக்கா குறுக்கே வந்து நின்றார்.

"அண்ணே, ஒரு வாய்கூட நீங்க சாப்புடல. உக்காருங்க."

"நீங்க மொதல்ல..."

"உக்காருங்கறன்!"

வசந்தா அக்காவின் வீட்டுக்காரர் நல்ல கனமான ஆள். அப்பாவின் தோளில் கைவைத்து அழுத்தி உட்கார வைத்தார். அப்பா எழுந்திருக்க இரண்டு தடவை முயன்றார், நடக்கவில்லை. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர் கையில் சப்பாத்தி, ஒருவர் கையில் கோழிக்குழம்பு, டீச்சர்கள் கையில் மூன்று விதப் பொரியல். மாமியார் அம்மாள் ஒரு கிண்ணத்தில் பாயசம் கொண்டுவந்து வைத்து, "குடிப்பா," என்றார். பதினேழு பேர் ஒரே ஆளுக்குப் பரிமாறினார்கள். மாப்பிள்ளைக்குக்கூட அப்படி நடக்காது. அப்பா தலையைக் குனிந்துகொண்டே சாப்பிட்டார். பாயசத்துக்கு வந்தபோதுதான் நிமிர்ந்தார். காது மடல் சிவந்திருந்தது.

எனக்குச் செய்ய வேறொன்றும் மிஞ்சவில்லை. ஜக்கை எடுத்துப் போய் அவர் டம்ளரில் தண்ணீர் ஊற்றினேன்.

"ரொம்ப ஊத்தாத, முக்கா டம்ளர்தான் ஊத்தணும்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "குழம்புல உப்பு தூக்கல். நாந்தான் சொன்னனே, கடைசி நாளு," என்றார்.

அந்தப் பயணத்தில் எடுத்த கடல் படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. ஆனால் கதை மட்டும் எங்களுக்கு முன்பே ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. கோவா மேனேஜர் தட்டு வாங்கிவிட்டபடியால் எனக்கு நிச்சயம் ஆகிவிட்டதென்றே எங்கள் சொந்தத்தில் கணக்கு. எனக்கு வரன் என்று யார் பேச்செடுத்தாலும் என் சித்தப்பா, "அந்தக் கோவாப் பையனுக்கு இன்னா பதில் சொல்லப் போறோம்?" என்று தவறாமல் கேட்கிறார். வசந்தா அக்கா வீட்டு விசேஷம் எதுவானாலும் எங்களுக்குத்தான் முதல் பத்திரிகை. அங்கே போனால் அப்பா வாளியைத் தொடுவதற்கு முன்பே நாலு பேர் பிடித்து முதல் பந்தியில் உட்கார வைத்துவிடுகிறார்கள்.

நானும் பாடம் கற்றுக்கொண்டேன். எங்கே சாப்பிடப் போகிறோம், எந்த நாள் போகிறோம் என்பதை இப்போதெல்லாம் அம்மாவிடம் முன்கூட்டிச் சொல்வதில்லை. போன மாதம் அப்பாவின் பிறந்தநாளுக்குக் கடற்கரைப் பக்கம் ஒரு பெரிய ஓட்டலில் மூன்று பேருக்கு மேசை சொல்லிவைத்துவிட்டு, ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் விஷயத்தையே சொன்னேன். ஓட்டல் வாசலில் இறங்கினோம். ஆட்டோக்காரரும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, தலையைக் கையால் கோதிக்கொண்டே இறங்கினார்.

"காலைலேந்து ஒண்ணும் சாப்புடலியாம்," என்றார் அம்மா.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா உள்ளே போய் அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தார்.